நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும்!

(அரியாலையில், கமக்காரரும் ஆசிரியரும் அலுவலரும் நிறைந்திருந்த சனசமூக நிலையக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

என்னைப் பேச அழைத்த நண்பர்கள் "ஊரின் காபன் அடிச்சுவடு" என்ற தலைப்பைத் தந்தார்கள். அறிவித்தலைப் படித்த முதியவர் ஒருவர் வாசலிலேயே என்னை மறித்து, "தம்பி, சுவடு கிடக்கிறதென்றால் கள்ளன் ஆரென்று சொல்ல வேண்டுமல்லவா?" என்று கேட்டார். நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பெரியவர் கேட்டதே இன்றைய பேச்சின் முதற் கேள்வி. அதற்கு விடை சொல்லிவிட்டு, அதனினும் பெரிய இன்னொரு கேள்வியை உங்கள்முன் வைக்க வந்திருக்கிறேன்.

சுவடு என்பது யாது?

நிலத்துக்கடியில் கோடானுகோடி ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த கரியையும் எண்ணெயையும் மனிதன் தோண்டி எடுத்து எரிக்கிறான். எரித்த புகை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது; அதிலுள்ள காபனீரொட்சைட்டோ வானிலேயே தங்கிவிடுகிறது. பூமிக்குக் கிடைத்த வெப்பம் வெளியே போகாதவாறு அது போர்வையாய்ப் போர்த்து நிற்கிறது. 1958ஆம் ஆண்டில் சாள்ஸ் கீலிங் என்னும் அறிஞர் ஹவாய்த் தீவின் மலையொன்றில் இருந்து இதனை அளக்கத் தொடங்கினார். அன்று காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, 2024இல் 420ஐயும் கடந்துவிட்டது. அவர் அளந்தபடியாலன்றோ உலகம் அறிந்தது! அளவாதிருந்தால் இன்றும் நாம் காலம் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்திருப்போம்.

ஒரு மனிதனோ, ஒரு வீடோ, ஓர் ஊரோ ஆண்டொன்றில் எத்தனை கிலோ காபனீரொட்சைட்டுக்குக் காரணமாகிறது என்று கூட்டிப் பார்க்கும் தொகையே காபன் அடிச்சுவடு. நெல் வயலிலும் குப்பைமேட்டிலும் மாட்டின் வயிற்றிலும் பிறக்கும் மெதேன் வாயுவையும், நாம் இடும் உப்புப் பசளையிலிருந்து கிளம்பும் நைதரசன் ஒட்சைட்டையும் அதனோடு சேர்த்துக் கணக்கிடுவர். நைதரசன் ஒட்சைட்டு நூறாண்டுக் காலத்தில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் என்பது அறிவியலார் முடிவு. ஆகையால் இது மோட்டார் வண்டிக்காரரின் கணக்கு மட்டுமன்று, கமக்காரரின் கணக்குமாகும்.

கள்ளன் யார்?

இனி, அந்தப் பெரியவருக்கு விடை. கள்ளன் நாமல்லோம். இலங்கையில் தலைக்கொருவருக்கு ஆண்டுக்கு வரும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நான்கு தொன்னுக்கு மேல். அமெரிக்காவிலோ பதினான்கு தொன்னை அண்டிய தொகை. உலகம் முழுவதும் விடும் புகையில் இலங்கைத் தீவின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்குள் அரியாலையின் பங்கைத் தேட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்!

அப்படியானால் நாம் ஏன் அளக்க வேண்டும்? ஏன் குறைக்க வேண்டும்? உண்டவன் ஒருவன், விலை கொடுப்பவன் வேறொருவனா? இந்த நியாயமான சினத்தை நான் மதிக்கிறேன். இதனை உலக அரங்கில் உரத்துச் சொல்லவேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்று காரணங்களை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, கிணறு. தெற்கே கடனீரேரி, கிழக்கே உப்பாறு, நடுவே நமது தோட்டமும் வயலும். குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல்லின் வெடிப்புகளில், உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கடல் உயர்கிறது, மழையோ பருவந்தவறி ஒரே நாளிற் கொட்டுகிறது. 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது வயல்கள் மூழ்கியதை மறந்தோமா? 2025 நவம்பரில் டித்வா இந்நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்ததை மறப்போமா? கள்ளன் எவனாயினும் களவுபோகிற வீடு நம்முடையது.

இரண்டாவது, பணம். நம் ஊரிலிருந்து எழும் புகையில் ஒவ்வொரு கிலோவும் நம் கைக்காசு கொடுத்து வாங்கிய எண்ணெயிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் பசளையிலிருந்துமே எழுகிறது.

மூன்றாவது காரணமே யான் இன்று சிறப்பாகச் சொல்ல வந்தது. அதற்கு நம் சொந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மூன்று முறை வெட்டப்பட்டோம்

அன்பர்களே! உலகத்தார் இன்று மாநாடு கூட்டி, எரிபொருளைக் குறை, மின்சாரத்தைக் குறை, பசளையைக் குறை என்று பேசுகிறார்கள். நாமோ மாநாடு கூட்டாமலே மூன்று முறை குறைத்துக் காட்டியவர்கள். குறைத்தவர்கள் என்பதிலும் பார்க்க, குறைக்கப்பட்டவர்கள் என்பதே பொருந்தும்.

முதன்முறை 1990இல். போர் மூண்டது, பொருளாதாரத் தடை வந்தது. நாட்டின் மின்வலையிலிருந்து குடாநாடு அறுந்தது. பெற்றோல் இல்லை; டீசல் இல்லை; யூரியா இல்லை; சீமெந்து இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலிலே பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி அந்த ஒளியிலே படித்த பிள்ளைகள் இந்த அவையில் இன்று மருத்துவராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் அமர்ந்திருக்கிறீர்கள். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய மொறிஸ் கார்கள் இருமிக்கொண்டு போனதைக் கண்டோம். கைவிட்ட துலாவை மீண்டும் நாட்டினோம். அந்நாளில் நம் ஊரின் காபன் சுவட்டை யாரேனும் அளந்திருந்தால், உலகுக்கே உத்தம ஊர் இதுவென்று பதக்கம் சூட்டியிருப்பார்கள்!

ஆனால் அது தவமன்று, தண்டனை. அந்த வறுமையை எவரேனும் பசுமை வாழ்வு என்று புகழ்ந்தால் அதனை நான் ஏற்கமாட்டேன். பிள்ளையின் கண்ணைப் புகையால் கெடுத்த விளக்கைப் பாராட்ட எனக்கு நா எழாது.

இரண்டாம் முறை 2021இல். ஏப்ரல் மாதத்தில், இனி நாட்டுக்குள் இரசாயனப் பசளை வராது என்று ஒரே அறிவித்தலிற் சொன்னார்கள். எந்த மண்ணில் எவ்வளவு குறைக்கலாம், அதற்கு ஈடாக எவ்வளவு கூட்டெரு வேண்டும், அதனைச் செய்து தருபவர் யார் என்ற கணக்கு எங்கே இருந்தது? நவம்பரில் கிளாஸ்கோ நகரத்துக் காலநிலை மாநாட்டில் அந்தக் கொள்கை பெருமையோடு எடுத்துரைக்கப்பட்டது. அதே நவம்பரில் இங்கே அது கைவிடப்பட்டது. இடையில் வீழ்ந்தது விளைச்சல். நெல்லறுத்த நாடு அரிசிக் கப்பலுக்குக் காத்து நின்றது. பசளையைக் குறைப்பது தவறா? அன்று. அளவாமற் குறைத்தது தவறு; கமக்காரனைக் கேளாமற் குறைத்தது பெருந்தவறு.

மூன்றாம் முறை 2022இல். அந்நியச் செலாவணி வற்றிற்று. எண்ணெய் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசை. மார்ச்சு மாத முடிவில் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. கடலுக்குப் போகும் வள்ளமும் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரமும் ஒருங்கே நின்றன.

இந்த மூன்று வெட்டுக்கும் பொதுவானது என்ன? மூன்று முறையும் கத்தி வேறொருவர் கையில் இருந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சொல்வதற்கு நம்மிடம் கணக்கும் இல்லை.

நான்காம் முறையும் வரும், அன்பர்களே! 2050இல் காபன் நடுநிலை அடைவோமென்றும், 2030இல் மின்சாரத்தின் எழுபது விழுக்காட்டை மீளப்புதுப்பிக்கும் சக்தியாற் பெறுவோமென்றும் இலங்கை அரசு உலகுக்கு வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கு நிறைவேறும் நாளில் எதனைக் குறைப்பது, யாருடையதைக் குறைப்பது என்ற கேள்வி எழும். அன்று நாம் வெறுங்கையோடு நிற்பதா, கணக்கோடு நிற்பதா? இதுவே நான் உங்கள்முன் வைக்கும் பெரிய கேள்வி.

ஒரு வீட்டுக் கணக்கு

அளப்பது கடினமான வித்தை என்று எண்ணாதீர்கள். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மின்சாரப் பட்டியல், எண்ணெய் வாங்கிய துண்டு, எரிவாயு உருளை, பசளை மூட்டை, ஒரு பயிற்சிக் கொப்பி, கூட்டவும் பெருக்கவும் தெரிந்த ஒரு பிள்ளை: இவை போதும்.

பெற்றோல் ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. மண்ணெண்ணெய் 2.5. டீசல் 2.7. சமையல் எரிவாயு கிலோவுக்கு 3 கிலோ. மின்சாரம் மழை பெய்து நீர்மின்சாரம் பெருகும் ஆண்டில் குறையும்; வரண்ட ஆண்டில் நுரைச்சோலையின் நிலக்கரியும் எண்ணெயும் கூடுவதால் ஏறும். கணக்குக்கு ஓர் அலகுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது கிலோ யூரியா மூட்டை, மண்ணில் இட்ட பின் விடுவது மட்டும் நூறு கிலோவுக்குக் குறையாது. அதனைத் தொழிற்சாலையிற் செய்தபோது எழுந்த புகை வேறு.

எடுத்துக்காட்டாக, நால்வர் வாழும் ஒரு கமக்காரக் குடும்பத்தை எண்ணுங்கள். இது எவருடைய வீடும் அன்று. கணக்கு விளங்குவதற்காக நானே கட்டிய வீடு. மாதம் 90 அலகு மின்சாரம். ஆண்டுக்கு 540 கிலோ. ஆறு எரிவாயு உருளை; 225 கிலோ. மோட்டார்ச் சைக்கிளுக்கு 200 லீற்றர் பெற்றோல், 460 கிலோ. நீர் இறைக்க 150 லீற்றர் மண்ணெண்ணெய், 375 கிலோ. மூன்று மூட்டை யூரியா, 300 கிலோ. கூட்டினால் 1,900 கிலோ. ஆளுக்கு அரைத் தொன்கூட இல்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு இலண்டனிலிருந்து வந்து திரும்பும் நம் உறவினர் ஒருவரின் விமானப் பயணத்தின் பங்கு மட்டும் ஒரு தொன்னைக் கடந்துவிடும். அந்தக் கமக்காரக் குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கிற் பாதிக்கு மேல் ஒரே பயணத்தில் அடங்கிவிடுகிறது. வரவேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும், வாழட்டும்! ஆயினும் பிறந்த ஊருக்கு மண்டபமும் வளைவும் கட்டித்தரும் அவர்கள், ஒரு தோட்டக் கிணற்றுக்குச் சூரிய மின்தகடு பூட்டித்தந்தால் அது தங்கள் கணக்கிலும் வரவாகும் என்பதை அறியவேண்டும். கணக்கு இருந்தால்தான் இந்த நியாயத்தை நாம் கேட்கவும் இயலும்.

இந்தக் கணக்கை யாரையும் பழிக்கப் பயன்படுத்தலாகாது. வீட்டுப் பெயர் எழுதாமல், ஒழுங்கை ஒழுங்கையாகக் கூட்டிய தொகையை மட்டும் வாசிகசாலையின் பலகையில் எழுதி வைக்கவேண்டும். நம் ஊர்களில் கோயிற் கணக்கை ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கும் நல்வழக்கம் உண்டு. அதே கூட்டத்தில் ஊரின் புகைக் கணக்கும் வாசிக்கப்படட்டும்!

அயலார் செய்து காட்டியவை

இது நடவாத கனவென்பார்க்கு நடந்தவற்றைச் சொல்கிறேன். கேரளத்தின் வயநாட்டில் மீனங்காடி என்றொரு பஞ்சாயத்து. கோப்பியும் மிளகும் நெல்லும் விளையும் கமக்கார ஊர். 2016இல் அவ்வூரார், ஊரைக் காபன் நடுநிலை ஊராக்குவதென்று முடிவு செய்து, முதலில் அளந்தார்கள். வீடும் வயலும் வண்டியும் குப்பையும் எவ்வளவு விடுகின்றன, மரமும் மண்ணும் எவ்வளவு உள்வாங்குகின்றன என்று இரண்டு பத்தியில் எழுதினார்கள். விடுவது மிகுதி என்று கண்டார்கள். பின்னரே செயலில் இறங்கினார்கள். அவர்கள் கண்ட புதுமை மர வங்கி. கமக்காரர் தமது காணியில் மரம் நட்டுக் காத்தால், அம்மரத்தை ஈடாகக் கொண்டு மரமொன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாவாகப் பத்தாண்டுகள் வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டாதவரை கடனைத் திருப்ப வேண்டியதில்லை. மரம் நடுங்கள் என்று உபதேசம் செய்வோர் பலர்; நட்டவன் வீட்டு அடுப்பை நினைத்தவர்கள் மீனங்காடியார்.

தமிழகத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்தை அறிவீர்களா? குடிநீர் இறைக்கவும் தெருவிளக்கு எரிக்கவும் கட்டும் மின்கட்டணம் வருவாயை விழுங்குவதைக் கணக்குப் பார்த்தே கண்டார்கள். கண்டபின் சும்மா இருக்கவில்லை. 2006இல் வங்கிக் கடனும் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடி ரூபா செலவில் 350 கிலோவாற்று வலுவுள்ள காற்றாலை ஒன்றைப் பஞ்சாயத்தே தன் சொத்தாக நிறுவிற்று. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கற்றை கற்றையாகப் பட்டம் பெற்ற நாம், ஒரு சிற்றூர்ப் பஞ்சாயத்துச் செய்ததைச் செய்ய இயலாதவர்களா?

அரியாலையிற் செய்யத்தக்கவை

இனி நம் ஊருக்கு வருவோம். முதலில் நீர் இறைப்பு. துலா மிதித்த காலம் போய், மண்ணெண்ணெய் இயந்திரம் வந்து, இன்று மின்மோட்டாரும் வந்துவிட்டது. நம் தோட்டத்துக்கு நீர் வேண்டுவது பகலில். சூரியன் எரிப்பதும் பகலில். 2025ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரத்துக்குத் தேவை குறைந்துபோனமையால், கூரையில் சூரிய மின்தகடு வைத்திருந்தோரைப் பகலில் அதனை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. இரவிலோ கரியும் எண்ணெயும் எரிகின்றன. ஆகவே பகலில் சூரியனால் நீர் இறைப்பதைப் போல் இரட்டை நன்மை தருவது வேறில்லை. நான் மேலே கட்டிய வீட்டின் 375 கிலோவும், 150 லீற்றர் மண்ணெண்ணெயின் விலையும் ஒருங்கே மறையும். ஒருவர் தனித்து வாங்க இயலாவிடின், ஒரு கிணற்றின் பங்காளர் கூடி வாங்கலாம்.

இரண்டாவது, பசளை. 2021இன் கசப்பினால் இதனைப் பேசவே சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்சவேண்டாம். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அளந்து இடுங்கள் என்கிறேன். மண்ணைப் பரிசோதித்து, நெல்லிலையின் பச்சையை நிற அட்டையோடு ஒப்பிட்டு, வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் இடுங்கள். நம் சுண்ண மண்ணில் யூரியாவை மேலே தூவிவிட்டால் ஒரு பங்கு அமோனியாவாய்க் காற்றோடு போகும். மண்ணுள் மூடி உடனே நீர் பாய்ச்சினால் பயிருக்குச் சேரும். மிகையாக இட்டதோ நைத்திரேற்றாகிக் கிணற்றில் இறங்கி, நம் குழந்தையின் குடிநீரில் வந்து நிற்கும். நம் முன்னோர் பூவரசங் குழையும் பனையோலையும் தோட்டத்தில் தாழ்த்தினார்கள்; ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்தார்கள். வேலியில் கிளிசறியா நின்றால் குழைக்குக் குழை, ஆட்டுக்குத் தீன். மதில் கட்டும் மோகத்தில் அந்த வேலியை நாமல்லவா வெட்டி எறிந்தோம்! மதிலுக்குப் போகும் சீமெந்துக்கும் புகைக்கணக்கு உண்டு என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, குப்பை. வீட்டுக் கழிவையும் சருகையும் கலந்து கட்டி அனுப்பினால் அது கல்லுண்டாய் வெளியில் குவிந்து அழுகி மெதேன் விடும். வளவிலேயே பிரித்து மக்கவைத்தால் அது எரு. மூன்று மூட்டை யூரியாவில் ஒன்றைக் குறைக்கும் வழி அங்கே தொடங்குகிறது.

நான்காவது, போக்குவரத்து. அரைக் கட்டைத் தூரத்துக் கடைக்கும் மோட்டார்ச் சைக்கிளை உதைக்கிறோம். ஒருகாலத்தில் சைக்கிள் ஊர் என்று பெயரெடுத்தவர்கள் நாம். கொழும்புக்குப் போக, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தடைந்த புகையிரதம் இருக்கிறது.

ஐந்தாவது, கண்டற்காடு. கடனீரேரிக் கரையின் கண்டல், மரத்தில் சேர்ப்பதைவிடச் சேற்றில் மிகுதியான காபனைப் புதைத்து வைக்கிறது. அலையையும் தடுக்கிறது, இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டிலாகிறது. புதிய மரம் ஆயிரம் நடுவதற்கு முன், நின்ற கண்டல் ஒன்றையும் வெட்டவிடாதிருப்போம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். காபனைக் குறைக்க வேண்டி மீண்டும் புகையடுப்பில் கண்கலங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. எரிவாயு அடுப்பின் 225 கிலோ இருந்துவிட்டுப் போகட்டும். குறைக்கவேண்டியது வீணை, உங்கள் நலத்தையன்று. எதனைக் குறைப்பது, எதனைக் காப்பது என்று தெரிந்துகொள்வதற்கே கணக்கு.

கிணற்றை மறவாதீர்

சூரிய இறைப்பைப் புகழ்ந்த நான் அதன் ஆபத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். எண்ணெய்க்குக் காசு கொடுத்தவரை, போதும் என்று இயந்திரத்தை நிறுத்தினோம். வெயில் இலவசம் என்றால் நிறுத்துபவர் யார்? நாளெல்லாம் இறைத்தால் உவர் மேலேறும். புகையைக் குறைக்கப் போய் நீரை இழந்தால், அது வேலியைக் காக்கப் பயிரைக் கொடுத்த கதையாகும்.

இதற்கும் வழி கண்டார்கள். குசராத்தில் துண்டி என்னும் சிற்றூரில், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் துணையோடு, ஆறு கமக்காரர் கூடிச் சூரிய இறைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 2016 முதல், வயலுக்கு வேண்டிய அளவு இறைத்தபின் மிஞ்சும் மின்சாரத்தை மின்வலைக்கு விற்றார்கள். அதிகம் இறைத்தால் விற்பனைக் காசு குறையும் அல்லவா? ஆகையால் அளவோடு இறைத்தார்கள். வெயிலும் ஒரு விளைபொருளாயிற்று!

நமக்கு இது புதிதுமன்று. ஒரே கிணற்றைப் பலர் பங்கிட்டு, முறை வைத்து இறைத்த பரம்பரை நம்முடையது. முறை தவறி இறைத்தவனை ஊர் கேட்டது. அந்தக் கிணற்று முறையைச் சூரியனுக்கும் நீட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள். புகைக் கணக்கின் பக்கத்திலேயே, ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டமும் உப்பின் அளவும் எழுதப்படட்டும்.

எண்ணெய்க்கும் கிணற்றுக்கும் உள்ள பகையை நாம் கண்ணாரக் கண்டவர்கள். சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய மின்நிலையத்தின் மாசு நிலத்தடி நீரிற் கலந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டளையிட்டது. அந்த நீதி எப்படிக் கிடைத்தது? கிணற்று நீரை எடுத்துச் சோதித்து, எழுத்தில் வைத்து, மன்றின்முன் காட்டியபடியாற் கிடைத்தது. முறையிட்டவன் அழுகிறான், அளந்தவனே வெல்கிறான்.

சபைகளிடம் நாம் கேட்பது

நாம் மட்டும் செய்துவிட முடியுமா? முடியாது. ஊரவர் தங்கள் பங்கைச் செய்துவிட்டு, செய்யவேண்டியவர்களிடம் கேட்கவேண்டும். உள்ளூராட்சிச் சபைகள் தெருவிளக்கின் மின்கணக்கை மக்கள்முன் வெளியிடட்டும். குப்பையைப் பிரித்து எடுக்கும் வண்டியை ஒழுங்காக அனுப்பட்டும். கமநல சேவை நிலையங்கள் மண் பரிசோதனையைக் கமக்காரர் வாசலுக்குக் கொண்டுவரட்டும். கூட்டாகச் சூரிய இறைப்பு அமைப்போர் மின்வலையோடு இணைய எளிய விதியும் நியாயமான விலையும் தரப்படட்டும். கிணறு பங்காய் இருக்கலாமென்றால் மின்சாரம் ஏன் பங்காய் இருத்தல் ஆகாது?

வெளியிலிருந்து திட்டங்கள் வரும். காற்றாலை வரும், சூரியப் பண்ணை வரும். மன்னார் மக்கள் தம் தீவில் காற்றாலைகள் எழுந்தபோது வெள்ளத்தையும் பறவைகளையும் காட்டிக் கேள்வி எழுப்பினார்கள். பசுமை என்ற பெயர் சூட்டியதனால் மட்டும் ஒரு திட்டம் ஊருக்கு நல்லதாகிவிடாது. எதிர்ப்பவர் அனைவரும் முன்னேற்றத்தின் பகைவரும் ஆகார். ஊரின் நிலத்தையும் நீரையும் காற்றையும் அறிந்த கணக்கு ஊரிடம் இருந்தால், ஏற்கவேண்டியதை ஏற்கலாம். மறுக்கவேண்டியதைக் காரணத்தோடு மறுக்கலாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! ஓராண்டுக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வீடும் ஒரு கொப்பி போடட்டும். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குப் பெருக்கற் கணக்கை இந்தக் கொப்பியிலிருந்தே கொடுக்கட்டும். பொறியியலாளரும் கணக்காளரும் மாதத்தில் ஒரு ஞாயிறை இதற்கு ஈயட்டும். கமக்காரர் தம் பசளை மூட்டையையும் எண்ணெய்க் கலனையும் மறைக்காமற் சொல்லட்டும். அடுத்த காலபோக அறுவடை முடிந்ததும் இதே மண்டபத்தில் கூடி, நம் ஊரின் தொகையை வாசிப்போம். அதன்பின் ஐந்து செயல்களில் எதனை முதலிற் செய்வது என்று நாமே முடிவு செய்வோம்.

அந்தத் தொகை சிறிதாக இருந்தால் உலகத்தின் முகத்துக்கு நேரே நின்று நியாயம் கேட்க நமக்கு அது சான்று. பெரிதாக இருந்தால் நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே நின்று திருந்த நமக்கு அது துணை. எப்படியாயினும் கணக்கு நமக்கே நன்மை.

வாசலில் என்னை மறித்த பெரியவரே! சுவட்டைப் பார்த்துக் கள்ளனைக் கண்டுபிடிக்கலாம் என்றீர்கள். மெய்தான். ஆனால் தன் முற்றத்தில் விழுந்த சுவடுகளில் தன்னுடையது எது, பிறனுடையது எது என்று அறிந்தவனுக்கே கள்ளனைச் சுட்டும் உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் பெறுவோம். மூன்று முறை பிறர் கை நம்மை வெட்டிற்று. இனிக் குறைப்பதாயின் நாமே அளந்து, நாமே தெரிந்து, நாமே குறைப்போம். நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும்!